தொட்டது விரல்; உணர்ந்தது எது?

மின்சாரம் நின்றுபோன இரவு. சட்டைப் பைக்குள் கையை விடுகிறீர்கள். உள்ளே ஒரு சாவி, ஓர் ஐந்து ரூபாய் நாணயம், ஒரு ரூபாய் நாணயம், மடித்த பேருந்துச் சீட்டு. ஐந்து ரூபாயை மட்டும் எடுக்க வேண்டும். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. ஆயினும் விரல்கள் சாவியை ஒதுக்கி, சீட்டை ஒதுக்கி, நாணயத்தின் விளிம்பைத் தடவிப் பார்த்துச் சரியானதை எடுத்துவிடுகின்றன. நாள்தோறும் செய்கிற காரியம் ஆதலால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் இதே வேலையை இதே எளிமையுடன் செய்யும் எந்திரக் கை ஒன்றை அமைப்பதற்குப் பொறியியலார் இன்றும் திணறிக்கொண்டிருக்கிறார்கள்.

நாணயத்தின் குளிர்ச்சியையும் விளிம்பின் கூர்மையையும் விரல் நுனியில்தான் உணர்கிறோம். அதில் யாருக்கும் ஐயமில்லை. பாடநூலோ உணர்வு மூளையில் பிறக்கிறது என்கிறது. மூளையில் பிறக்கும் ஒன்று விரல் நுனியில் இருப்பதாக ஏன் தோன்ற வேண்டும்? இதைச் சற்று விரிவாகக் காண்போம்.

முதலில் ஒரு மூக்கின் கதை. அறுபட்ட மூக்கைச் சீரமைக்கும் மருத்துவமுறை ஒன்று நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்து வந்தது. நெற்றித் தோலில் மூக்கின் அளவுக்கு ஒரு துண்டைக் கீறி, புருவங்களுக்கு இடையில் ஒரு காம்பு மட்டும் அறுபடாமல் விட்டு, அத்துண்டைத் திருப்பி மூக்கு இருந்த இடத்தில் வைத்துத் தைப்பார்கள். காம்பின் வழியே இரத்தம் ஓடுவதால் தோல் உயிருடன் இருக்கும். புனேயில் இவ்வாறு நடந்த ஒரு சிகிச்சையைப் பற்றிய செய்தி 1794இல் இலண்டன் இதழ் ஒன்றில் வெளியாயிற்று. அதனால் தூண்டப்பட்ட ஜோசப் கார்ப்யூ என்னும் ஆங்கில மருத்துவர் 1814இல் அதே முறையைத் தாமும் செய்து காட்டினார். நமக்கு வேண்டியது சிகிச்சைக்குப் பின் நேர்வது. புதிய மூக்கின்மேல் ஓர் ஈ உட்காருகிறது. அந்த மனிதர் உடனே ஈயை விரட்டக் கையை எங்கே கொண்டுபோகிறார்? நெற்றிக்கு! கண்ணாடியில் பார்த்தால் ஈ இருப்பது மூக்கில். அவர் உணர்வதோ நெற்றியில்.

காரணத்தை விளங்கிக்கொள்ளப் பழைய தங்கும் விடுதி ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். பத்து அறைகள், ஒவ்வோர் அறையிலும் ஓர் அழைப்பு மணிப் பொத்தான். மேலாளர் இருக்கும் இடத்தில் ஒரு பலகை. அதில் 1 முதல் 10 வரை எண்ணிட்ட பத்துச் சிறு விளக்குகள். நான்காம் அறைப் பொத்தானைக் கம்பியோடு சேர்த்துப் பெயர்த்து ஏழாம் அறையில் வைத்துவிட்டால் என்ன ஆகும்? ஏழாம் அறைக்காரர் அழுத்தும்போது பலகையில் 4 எரியும். பணியாள் தேநீரை எடுத்துக்கொண்டு நான்காம் அறைக்கு ஓடுவார். நெற்றித் தோல் மூக்குக்கு வந்தபோது அதன் நரம்புக் கம்பிகளும் காம்பின் வழியே கூடவே வந்துவிட்டன. அக்கம்பிகள் மூளையில் போய்ச் சேரும் இடம் மட்டும் மாறவில்லை. எந்த விளக்கு எரிகிறதோ அந்த இடத்தில் தொட்டதாக மூளை கொள்கிறது. அதற்கு வேறு வழியில்லை. மண்டையோட்டுக்குள் இருட்டில் அமர்ந்திருக்கும் மேலாளர் அது. காம்பை அறுத்த பின் உணர்வு சில காலம் குன்றி, பக்கத்துத் தோலின் நரம்புகள் மெல்ல உள்ளே வளரத் தொடங்கிய பிறகுதான் மூக்கு மூக்காகிறது.

இனிப் பொத்தானிலிருந்து தொடங்குவோம். தோலுக்கடியில் நான்கு வகைத் தொடுவுணர் முனைகள் உள்ளன. கண்டறிந்தவர்களின் பெயரால் அவற்றை மெர்க்கல், மைஸ்னர், ருஃபினி, பசீனி முனைகள் என்பர். மெர்க்கல் முனை நிலையான அழுத்தத்தையும் விளிம்புகளையும், மைஸ்னர் முனை மெல்லிய வழுக்கலையும், ருஃபினி முனை தோல் இழுபடுவதையும் சொல்லும். பசீனி முனை வெங்காயம்போல் அடுக்கடுக்கானது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளம் இருப்பதால் வெறும் கண்ணுக்கே தெரியும். நொடிக்கு 200 முதல் 300 வரையான அதிர்வுகளுக்கு அது மிக நுட்பமாக விழித்துக்கொள்ளும். அதிர்வின் வீச்சு ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் குறைந்திருந்தாலும் போதும். பேனாவால் எழுதும்போது தாளின் சொரசொரப்பு உங்களுக்குத் தெரிகிறதல்லவா? தாளைத் தொட்டுக்கொண்டிருப்பது விரல் அன்று, முள். அந்த அதிர்வை விரலிலிருந்து பசீனி முனைகள் அனுப்ப, மூளை அதைப் பேனா முள்ளின் நுனியில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. உணர்வே இல்லாத உலோகத்தில் நமக்கு உணர்வு! மூக்குக்காரரைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை இல்லை.

அழுத்தம் எப்படி மின்சாரமாகிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. நரம்பு முனையின் மெல்லிய சவ்வில் பீசோ-2 என்னும் புரதம் பதிந்திருக்கிறது. சவ்வு இழுபட்டால் அப்புரதத்தின் நடுவிலுள்ள துளை திறக்கும். மின்னூட்டமுள்ள அயனிகள் உள்ளே பாயும். 2010இல் இதைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியன், வெப்ப உணர்வை ஆராய்ந்த டேவிட் ஜூலியஸுடன் சேர்ந்து 2021இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார். பெயரைக் கேட்டதும் அடுப்புப் பற்றவைக்கும் கருவியிலுள்ள அழுத்தமின் படிகம் நினைவுக்கு வரலாம். பெயர்தான் ஒன்று, வேலை வேறு. படிகத்தில் அழுத்தமே மின்னழுத்தத்தைப் பிறப்பிக்கிறது. இங்கே மின்னழுத்தம் முன்பே தயாராக இருக்கிறது. தொடுகை கதவைத் திறந்துவிடுகிறது, அவ்வளவே.

அப்படி எழும் துடிப்பு ஏறத்தாழ 100 மில்லிவோல்ட் உயரமும் ஆயிரத்தில் ஒரு நொடி நீளமும் உடையது. டார்ச் விளக்குக் கலத்தின் 1.5 வோல்ட்டில் பதினைந்தில் ஒரு பங்கு. மெதுவாகத் தொட்டாலும் அழுத்தித் தொட்டாலும் ஒரு தனித் துடிப்பின் உயரம் மாறுவதில்லை. அழுத்த அழுத்த, நொடிக்கு எத்தனை துடிப்புகள் என்ற எண்ணிக்கைதான் கூடுகிறது. இதனை 1926இல் கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியன் காட்டினார். 1932இல் நோபல் பரிசில் ஒரு பாதி அவருக்குக் கிடைத்தது. வானொலி படித்தவர்களுக்கு இது புரியும். வீச்சுப் பண்பேற்றத்தைவிட அதிர்வெண் பண்பேற்றத்தில் இரைச்சல் குறைவு. பண்பலை வானொலிக்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே நரம்பு ஏறக்குறைய அந்த வழியைக் கைக்கொண்டுவிட்டது.

துடிப்பு போகும் வேகத்தையும் பார்க்க வேண்டும். தொடுவுணர்ச்சியைச் சுமக்கும் பருத்த, கொழுப்பு உறையிட்ட நரம்பிழைகளில் வேகம் நொடிக்குச் சுமார் 35 முதல் 75 மீட்டர் வரை. உறையில்லாத மெல்லிய வலி இழைகளில் நொடிக்கு ஒரு மீட்டர் அளவே. கால் கட்டைவிரல் வாசற்படியில் இடித்துக்கொள்ளும்போது கவனியுங்கள். இடித்தது உடனே தெரிந்துவிடும். "ஐயோ, இனி வலிக்கப் போகிறது" என்று நினைக்கக்கூட நேரம் இருக்கும். பிறகுதான் அந்த ஆழ்ந்த வலி வந்து சேரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: காலிலிருந்து மூளைக்கு ஒன்றரை மீட்டர் என்று கொண்டால், தொடுகைச் செய்திக்கு நொடியில் நூற்றில் மூன்று பங்கு நேரம் போதும். வலிச் செய்தியோ தண்டுவடத்தை எட்டுவதற்கே ஒரு நொடி எடுத்துக்கொள்கிறது.

வழியும் விந்தையானதுதான். கட்டைவிரலில் தொடங்கும் ஒரே நரம்பணுவின் இழை, காலைக் கடந்து, தண்டுவடத்தின் பின்பக்கமாக மேலேறி, மூளையின் அடிப்பகுதியான முகுளம் வரை அறுபடாமல் செல்கிறது. வளர்ந்தவர்களுக்கு ஒன்றரை மீட்டர் நீளமுள்ள ஒற்றைச் செல்! முகுளத்தில் அது அடுத்த நரம்பணுவிடம் செய்தியை ஒப்படைக்கிறது. அந்த இரண்டாவது அணுவின் இழை உடனே எதிர்ப்பக்கத்துக்குத் தாண்டி, மூளையின் நடுவிலுள்ள தலாமசுக்குப் போகிறது. மூன்றாவது அணு அங்கிருந்து பெருமூளைப் புறணிக்கு. இடக்கையில் தொட்டது வல மூளையில் தெரிவது இதனால்தான். வலியையும் வெப்பத்தையும் சுமக்கும் இழைகள் முகுளம் வரை காத்திராமல் தண்டுவடத்துக்குள் நுழைந்ததுமே எதிர்ப்பக்கம் தாண்டிவிடுகின்றன. ஆகவே விபத்தில் தண்டுவடத்தின் ஒரு பாதி மட்டும் அறுபட்டவர்க்கு, காயத்துக்குக் கீழே ஒரு காலில் தொடுவுணர்வு போகும், மறு காலில் வலி போகும். பிரௌன்-செக்கார் என்னும் மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே இதைப் பகுத்துச் சொல்லிவிட்டார்.

இப்போது பலகைக்கு வந்துவிட்டோம். பெருமூளையின் மேற்பரப்பை மூடியிருக்கும் சாம்பல் நிறப் படலமே புறணி. அதன் தடிமன் 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை. சுருக்கங்களை எல்லாம் நீவி விரித்தால் செய்தித்தாளின் ஒரு பக்கத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். ஒரு காதிலிருந்து உச்சி வழியாக மறு காதுக்கு ஒரு நாடாவை வைத்துக் கட்டினால், ஏறக்குறைய அதன் கீழே ஒரு பள்ளம் ஓடுகிறது. பள்ளத்துக்கு முன்னால் உள்ள மடிப்பு தசைகளை ஏவுவது. பின்னால் உள்ள மடிப்பு தொடுகையை ஏற்பது.

இதை மனிதரிடம் விரிவாகச் சோதித்தவர் வைல்டர் பென்ஃபீல்ட். அமெரிக்காவில் பிறந்து கனடாவுக்குச் சென்றவர். 1934இல் மான்ட்ரீல் நகரில் நரம்பியல் கழகம் ஒன்றை நிறுவினார். மருந்துக்கு அடங்காத வலிப்பு நோயாளிகளின் மூளையில் பழுதான பகுதியை வெட்டி எடுப்பது அவர் செய்த சிகிச்சை. வெட்டும் இடம் சற்றுத் தவறினாலும் கை விளங்காமல் போகலாம், பேச்சு போகலாம். ஆகவே வெட்டுமுன் எந்த இடம் எதற்கென்று தெரிய வேண்டும். இதை யாரிடம் கேட்பது? நோயாளியிடமே கேட்டார் பென்ஃபீல்ட்! மூளைத் திசுவில் வலி உணரும் முனைகள் இல்லை. உடம்பெல்லாம் உணர்கிற மூளைக்குத் தன்னைத் தொடுவது தெரியாது. தலைத் தோலை மட்டும் மரத்துப்போகச் செய்துவிட்டால், மண்டையோட்டைத் திறந்த நிலையிலும் நோயாளி விழித்திருந்து பேச முடியும். மெல்லிய மின்முனையால் புறணியில் ஓரிடத்தைத் தொட்டு மிகச் சிறு மின்னோட்டத்தைச் செலுத்துவார் பென்ஃபீல்ட். கட்டைவிரல் குறுகுறுக்கிறது என்பார் நோயாளி. சில மில்லிமீட்டர் தள்ளித் தொட்டால் ஆள்காட்டி விரல். இன்னும் தள்ளினால் உதடு. தொட்ட இடந்தோறும் எண்ணிட்ட சிறு காகிதத் துண்டை வைத்து, பின்னர்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். கட்டைவிரலை யாருமே தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். பொத்தானை விட்டுவிட்டுப் பலகையிலுள்ள விளக்கையே நேராக எரியவைத்ததற்கு ஒப்பானது இது. அப்போதும் உணர்வு கட்டைவிரலில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது.

இந்தக் கண்டுபிடிப்புகளைப் பென்ஃபீல்டும் எட்வின் போல்ட்ரேயும் 1937இல் வெளியிட்டனர். மடிப்பின் மேல்நுனியில், இரண்டு அரைக்கோளங்களுக்கு இடையே, கால் விரல்கள். அங்கிருந்து கீழே வர வர முழங்கால், இடுப்பு, உடல், தோள், கை, விரல்கள், பிறகு முகம், உதடு, நாக்கு. ஏறத்தாழத் தலைகீழாகத் தொங்கும் ஒரு மனிதன். ஆனால் என்ன மனிதன்! முதுகும் வயிறும் சுண்டிப்போய், கைகள் மட்டும் சுளகுபோல் அகன்று, உதடுகள் பருத்து, நாக்கு நீண்டு கிடக்கிறான். இந்தப் படத்தைக் களிமண் பொம்மையாகவும் செய்து வைத்திருக்கிறார்கள்; இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது. குழந்தைகள் பார்த்தால் சிரிக்கும். சிரிப்புக்கு அப்பால் அது ஓர் அளவுப் படம். தோலின் பரப்புக்கேற்ப மூளையில் இடம் ஒதுக்கப்படவில்லை; தோலில் எங்கே நுட்பம் வேண்டுமோ அதற்கேற்ப இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒரு கையின் உள்ளங்கைப் பக்கத்தில் மட்டும் சுமார் 17,000 தொடுவுணர் இழைகள் உள்ளன. அவற்றில் பெரும்பங்கு விரல் நுனிகளில் நெருக்கமாக இருக்கிறது.

இதை நீங்களே அளக்கலாம். ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் வெபர் 1834இல் நூலாக வெளியிட்ட சோதனை இது. தேவையான கருவி உங்கள் வடிவியல் பெட்டியில் இருக்கிறது. கவராயத்தின் இரு முனைகளும் கூர்மையற்றனவாக இருக்க வேண்டும். இரண்டு பழைய பால்பாயிண்ட் பேனாக்களை ரப்பர் வளையத்தால் கட்டிக்கொண்டாலும் சரி. நண்பரின் கண்ணைக் கட்டிவிட்டு, இரு முனைகளையும் ஒரே நேரத்தில் மெல்லத் தோலில் வைத்து, "ஒன்றா, இரண்டா?" என்று கேளுங்கள். இடையிடையே ஒற்றை முனையாலும் தொட வேண்டும். இல்லாவிட்டால் நண்பர் ஊகித்துச் சொல்லிவிடுவார். விரல் நுனியில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளியையே இரண்டு என்பார். உள்ளங்கையில் ஒரு சென்டிமீட்டர் அளவு வேண்டும். முதுகில் 4 சென்டிமீட்டர் இடைவெளி வந்தால்தான் இரண்டென்று தெரியும்! முடிவுகளை ஒரு வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். மண்டையைத் திறக்காமலேயே பென்ஃபீல்டின் பொம்மை ஏறத்தாழ உங்கள் தாளில் வந்து நிற்கும்.

ஒவ்வோர் உயிரும் தனக்கேற்ற பொம்மையை வைத்திருக்கிறது. சுண்டெலிக்கு மீசைதான் விரல். 1970இல் உல்சி, வான் டெர் லூஸ் என்னும் இருவர் சுண்டெலியின் புறணியை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்த்தபோது, பீப்பாய் வடிவக் கூட்டங்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. முகத்தில் மீசைமயிர்கள் எந்த வரிசையில் உள்ளனவோ அதே வரிசை. ஒரு மயிருக்கு ஒரு பீப்பாய். வட அமெரிக்காவில் நட்சத்திர மூக்கு அகழெலி என்று ஒன்று உண்டு. மூக்கைச் சுற்றி 22 சதைக் கதிர்கள். கண் ஏறக்குறையப் பயனற்றது. மண்ணுக்குள் அந்தக் கதிர்களால் தடவித் தடவியே இரை தேடும். அதன் புறணியிலும் அந்தக் கதிர்கள் பட்டை பட்டையாகப் பதிந்திருக்கின்றன.

விடுதிப் பலகை உவமை இதுவரை கைகொடுத்தது. இனி அது போதாது. பலகையில் விளக்கு எரிவதைப் பார்க்க ஒரு மேலாளர் வேண்டும். மூளைக்குள் இன்னொரு குட்டி மனிதன் உட்கார்ந்து பார்ப்பதில்லை. புறணியே விளக்கும் பணியாளும் ஆகிறது. எப்படி? 1957இல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் வெர்னன் மௌண்ட்காசில் பூனையின் புறணிக்குள் நுண்ணிய மின்முனையை மேலிருந்து நேர்கீழாக இறக்கிக்கொண்டே போனார். வழியில் சந்தித்த நரம்பணுக்கள் எல்லாம் தோலின் ஒரே இடத்துக்கும் ஒரேவகைத் தூண்டலுக்குமே துடித்தன. சற்றுச் சாய்வாக இறக்கினாலோ, அரை மில்லிமீட்டருக்குள் வேறு வகை அணுக்கள் வந்தன. ஆக, புறணி என்பது நெருக்கி நிறுத்திய மெல்லிய தூண்களின் தோப்பு. ஒவ்வொரு தூணும் ஒரு சிறு கணக்கீட்டு நிலையம்.

தொடுகைக்கான மடிப்பும் ஒரே பட்டை அன்று. 1909இல் பிராட்மன் என்னும் ஜெர்மானியர் செல்களின் அடுக்கைப் பார்த்து அதனை 3, 1, 2 என்று எண்ணிட்டுப் பிரித்தார். எண்கள் முன்பின்னாக இருப்பதற்கு அவர் மூளையைச் சீவிய வரிசையே காரணம். மனப்பாடம் செய்யும் மாணவர்கள் அவரை மன்னிக்க வேண்டும். செய்தி முதலில் 3இல் இறங்குகிறது. அங்கே சில அணுக்கள் ஒரு விளிம்பு குறிப்பிட்ட சாய்வில் விரலில் படும்போது மட்டும் துடிக்கின்றன. 1 பெரும்பாலும் பரப்பின் சொரசொரப்பைக் கவனிக்கிறது. 2, விரல்கள் எவ்வளவு மடங்கியிருக்கின்றன என்று மூட்டுகளும் தசைகளும் அனுப்பும் செய்தியையும் தொடுகையையும் சேர்த்துப் பொருளின் அளவையும் உருவத்தையும் கட்டுகிறது. பைக்குள் நாணயத்தின் வட்டம் விரல் நுனியில் இல்லை. நாலைந்து துண்டுச் செய்திகளைச் சேர்த்து மூளை வரைந்த வட்டம் அது. இப்பகுதிகளிலோ இவற்றுக்குப் பின்னாலுள்ள பகுதியிலோ பழுதுபட்டவர்கள் சிலருக்குக் கையில் ஏதோ படுவது நன்றாகத் தெரியும், குளிர்ச்சி தெரியும், கூர்மை தெரியும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டால் அது சாவியா சீப்பா என்று சொல்ல முடியாது.

மூளை வரைவதுதான் என்பதற்கு அரிஸ்டாட்டில் காலத்து விளையாட்டு ஒன்று. நடுவிரலை ஆள்காட்டி விரலின்மேல் குறுக்காகப் போட்டு, இரு நுனிகளுக்கும் இடையிலுள்ள கவட்டில் ஒரு பட்டாணியை வைத்துக் கண்ணை மூடி உருட்டுங்கள். பலருக்கு இரண்டு பட்டாணிகள் தெரியும். விரல்கள் இயல்பாக இருக்கும்போது அவற்றின் வெளிப்பக்கங்கள் இரண்டையும் ஒரே பட்டாணி தொட முடியாது. மூளை அந்தப் பழைய கணக்கிலேயே முடிவு சொல்கிறது. பட்டாணி ஒன்றுதான் என்று உங்களுக்குத் தெரிந்திருப்பதை அது பொருட்படுத்துவதில்லை.

இந்த வரியைப் படிக்குமுன் உங்கள் சட்டைக் காலர் கழுத்தில் படுவது தெரிந்ததா? இப்போது தெரிகிறது. நிலையான தொடுகைக்கு முனைகள் சற்று நேரத்தில் சலித்துப்போகின்றன. எஞ்சியதையும் கவனம் இல்லாதபோது மூளை அடக்கி வைக்கிறது. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிச் சிரிக்க முடியாததும் இதற்கு உறவானதே. கை அசையுமுன்பே, வரப்போகும் தொடுகை இன்னதென்று சிறுமூளை கணித்துவிடுகிறது. கணித்தபடியே வந்தால் புறணியில் துடிப்பு தணிந்துவிடுகிறது. 1998இல் இலண்டன் ஆய்வாளர்கள் மூளைப் படம் எடுத்தே இதைக் காட்டினார்கள்.

எல்லாத் தொடுகையும் இந்த மடிப்புக்கே போவதாகவும் எண்ண வேண்டாம். மயிருள்ள தோலில், நொடிக்கு ஒரு மீட்டர் அளவே வேகமுள்ள மெல்லிய இழைகள் சில இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், உடற்சூட்டோடு, மெதுவாக வருடும்போது இவை நன்றாகத் துடிக்கும். தாய் குழந்தையைத் தடவிக் கொடுக்கும் வேகம் அது. இச்செய்தி இன்சுலா என்னும், உள்ளே புதைந்த வேறொரு புறணிப் பகுதிக்குப் போகிறது. எங்கே, எவ்வளவு என்பதை அது அவ்வளவாகச் சொல்வதில்லை. இதமாக இருக்கிறது என்பதைச் சொல்கிறது.

இனி, அறிஞர்களிடையே இன்னும் வாதம் ஓயாத ஓரிடத்துக்கு வருவோம். பென்ஃபீல்டின் பொம்மை வாழ்நாள் முழுதும் மாறாததா? மாறாது என்றே முன்பு நம்பினர். 1980களில் மைக்கேல் மெர்செனிக், ஜான் காஸ் ஆகியோர் வேறு சொன்னார்கள். குரங்கின் நடுவிரலை நீக்கிச் சில மாதங்கள் கழித்துப் பார்த்தால், அந்த விரலுக்குரிய புறணி சும்மா கிடக்கவில்லை. பக்கத்து விரல்களைத் தொட்டால் அங்கே துடிப்பு எழுந்தது. 1991இல் டிம் பான்ஸ் குழுவினர், கையின் உணர்வு நரம்புகள் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அறுக்கப்பட்ட குரங்குகளைச் சோதித்தார்கள். கைக்குரிய நிலம் முழுவதும், ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அகலம், முகத்தின் தொடுகைக்குத் துடித்தது. புறணியில் கைக்கு அடுத்த வீடு முகம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அதை நினைவில் கொண்ட ஒருவர், தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிஃபோர்னியாவில் பணியாற்றிய வி. எஸ். இராமச்சந்திரன். கையோ காலோ இழந்தவர்களில் பெரும்பாலோர்க்கு அந்த உறுப்பு இன்னும் இருப்பதாகவே தோன்றும். சிலருக்கு அது தாங்கமுடியாமல் வலிக்கும். கையை இழந்த இளைஞர் ஒருவரின் கன்னத்தை இராமச்சந்திரன் பஞ்சு நுனியால் தொட்டார். கன்னத்திலும் தெரிந்தது, இல்லாத கையின் விரலிலும் தெரிந்தது. முகத்தில் விரல் விரலாக ஒரு கையே வரைந்திருந்தது! 1992இல் இது வெளியானபோது, முகம் கையின் நிலத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது என்ற விளக்கம் எங்கும் பரவிற்று.

மாற்றத்துக்குச் சான்றுகள் வேறு இடங்களிலிருந்தும் வந்தன. 1993இல், பிரெய்ல் படிக்கும் விரலுக்குப் புறணியில் இடம் கூடியிருப்பதைக் கண்டார்கள். 1995இல் தந்தி இசைக் கலைஞர்களைச் சோதித்தபோது, தந்தியை அழுத்தும் இடக்கை விரல்களுக்குரிய துடிப்பு மற்றவர்களைவிட வலுத்திருந்தது. இளவயதில் தொடங்கியவர்களிடம் இன்னும் மிகுதி. எனக்கு மிகவும் பிடித்தது 1997இல் நடந்த ஒரு சோதனை. தலைக்கு வெளியே கம்பிச்சுருளை வைத்து நொடிநேர மின்னோட்டம் செலுத்தினால், மாறும் காந்தப்புலம் மூளைக்குள் மின்னோட்டத்தைத் தூண்டும். பாரடேயின் விதி, வேறொன்றுமில்லை. இளமையிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெய்ல் படிக்கும்போது பின்தலையில், அதாவது பார்வைக்குரிய புறணியில், இப்படித் தொந்தரவு கொடுத்தார்கள். எழுத்துகள் குழம்பின. பார்வைக்கான இடம் விரலுக்கு வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது.

ஆயினும் கை இழந்தவர்களைப் பற்றிய விளக்கத்துக்கு இப்போது ஒரு தடை வந்திருக்கிறது. 2025இல் வெளியான ஓர் ஆய்வில், நோயின் காரணமாகக் கையை எடுக்க வேண்டியிருந்த மூவரின் மூளையை, கை இருக்கும்போதே படம் எடுத்து, எடுத்த பின்னும் மீண்டும் மீண்டும் படம் எடுத்தார்கள். இல்லாத விரல்களை ஒவ்வொன்றாக அசைக்கச் சொன்னார்கள். புறணியில் விரல்களின் வரைபடம் முன்பு இருந்தபடியே இருந்தது. உதடு எல்லை தாண்டி வரவில்லை. குரங்குச் சோதனைகள் பொய்யா? அப்படிச் சொல்வது அவசரம் என்பது என் கருத்து. குரங்கில் அளந்தது வெளியிலிருந்து வரும் தொடுகைக்கு எழும் துடிப்பு. மனிதரில் அளந்தது உள்ளிருந்தே விரலை அசைக்க முயலும்போது எழும் செயல். வெவ்வேறு கேள்விகளைக் கேட்டுவிட்டு ஒரே விடையை எதிர்பார்க்கலாகாது. இந்த வாதத்தில் ஏட்டுச் சுரைக்காயைவிட மிகுதியான ஒன்று இருக்கிறது. வரைபடம் அழிந்துபோயிருந்தால், கை இழந்தவருக்கோ கை செயலிழந்தவருக்கோ மூளை வழியாகத் தொடுவுணர்வைத் திருப்பித் தர முடியாது. அழியாமல் இருந்தால் முடியும்.

அந்த முயற்சியும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில், கார் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்து கைகால் செயலிழந்த ஓர் இளைஞரின் தொடுகைப் புறணியில், கைக்குரிய பகுதியில், நுண்ணிய மின்முனைகள் பதிக்கப்பட்டன. விபத்து நடந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. மின்முனை ஒன்றில் சிறு மின்னோட்டம் செலுத்தியபோது, அவர் அதைத் தம் விரலில் அழுத்துவதுபோல் உணர்ந்தார். சில வேளை குறுகுறுப்பு, சில வேளை இதமான சூடு. எந்திரக் கை ஒன்றின் விரல்களை அந்த மின்முனைகளோடு இணைத்து, அவர் கண்ணைக் கட்டிவிட்டு, எந்த எந்திர விரலைத் தொடுகிறோம் என்று கேட்டார்கள். நூற்றுக்குச் சுமார் 84 முறை சரியாகச் சொன்னார். இது 2016இல் வெளியான செய்தி. 2021இல் அடுத்த படி: மூளையால் எந்திரக் கையை இயக்கிப் பொருளை எடுத்து வேறிடத்தில் வைக்கும் வேலைக்கு, கண்ணை மட்டும் நம்பியபோது அவருக்கு ஏறத்தாழ 21 நொடி பிடித்தது, தொடுவுணர்வையும் சேர்த்துக் கொடுத்தபோது 10 நொடியில் முடித்தார். பொருளைப் பிடித்துவிட்டோமா இல்லையா என்று தடுமாறும் நேரம்தான் பெரிதும் மிச்சமாயிற்று.

அவர் புறணியில் தொடுவுணர்வுக்காகப் பதித்த மின்முனைகள் 64. உங்கள் உள்ளங்கையிலிருந்து புறப்படும் இழைகள் 17,000. பைக்குள் இருக்கும் ஐந்து ரூபாய் நாணயத்தை ஒரு ரூபாய் நாணயத்திலிருந்து பிரித்தறிய 64 போதுமா, எத்தனை வேண்டும் என்பதுதான் ஆய்வுக்கூடங்களில் இப்போது கேட்கப்படும் கேள்வி.